பெட்ரோலை முகர்ந்து பார்த்தீர்களா?

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், தென்னைகளோடு சேர்த்து மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு மின்சாரம் திரும்பி வர 23 நாட்கள் ஆயின. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி, ஒரே ஜெனரேட்டரை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போன நாட்கள் அவை. பட்ட பாட்டில், மின்சாரம் வந்த கையோடு 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினேன். இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, தொட்டியில் பாதிப் பெட்ரோல் இருக்கும்போதே சாக்குப் போர்த்தி மாட்டுக்கொட்டகையின் மூலையில் வைத்துவிட்டேன். புயலுக்கென்று வாங்கிய பொருளைப் புயல் வரும்போது வெளியே எடுத்தால் போதும் என்பது அப்போது என் கணக்கு.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 நவம்பரில் நிவர் புயல் வருகிறது என்று முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திய அன்று சாக்கை விலக்கி, கயிற்றைப் பிடித்து இழுத்தேன். காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக் போட்டு இழுத்தேன், சோக்கை எடுத்துவிட்டு இழுத்தேன், தம்பி மகன் இழுத்தான், அவன் நண்பன் இழுத்தான். ஒரு இருமல்கூட இல்லை. பொறி தரும் ஸ்பார்க் பிளக் போயிருக்கும் என்று புதிதாக ஒன்றை மாட்டினேன். அதற்கும் அசையவில்லை என்றதும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் மேல் கண்ணில் பட்ட இரண்டு திருகுகளையும் ஆளுக்கொரு பக்கம் திருகி வைத்தோம். நல்ல வேளையாக நிவர் எங்களை விட்டுவிட்டு வடக்கே புதுச்சேரிப் பக்கம் ஒதுங்கிப் போனது.

மறுநாள் வண்டியில் ஏற்றிப் போய் ஒரு பழைய பம்புசெட் மெக்கானிக்கிடம் இறக்கினேன். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். நான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, மொதல்ல பெட்ரோல மோந்து பாத்தீங்களா?" என்றார். தொட்டி மூடியைத் திறந்து முகத்தருகே கொண்டுபோனேன். மூக்கில் ஏறுகிற அந்தக் காரமான பெட்ரோல் வாடை இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்ததுபோல் மந்தமான, புளித்த வாடைதான் வந்தது.

அந்த ஒரு கேள்விக்குள் எத்தனை அடங்கியிருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகு இந்த ஆறேழு ஆண்டுகளில் என்னுடையதும் அக்கம்பக்கத்தாருடையதுமாகத் தண்ணீர் பம்பு, புல் வெட்டும் பிரஷ் கட்டர், விசைத்தெளிப்பான் என்று பலவற்றைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல், ஓடித் தேய்ந்ததால் கெட்டவை அல்ல. ஓடாமல் கிடந்ததால் கெட்டவை. சிறிய எஞ்சின்களுக்கு உழைப்பைவிட ஓய்வே பெரிய பகை என்று நான் நம்பத் தொடங்கியது அப்படித்தான்.

காரணம் பெட்ரோலின் இயல்பிலேயே இருக்கிறது. அது ஒரே பொருள் அல்ல. எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிகளும், மெதுவாக ஆவியாகும் கனமான பகுதிகளும் கலந்த கலவை. குளிர்ந்திருக்கும் எஞ்சினை முதல் இழுப்பில் பற்றவைப்பது இலேசான பகுதிதான். கிடங்கில் கிடக்கும்போது முதலில் பறந்துபோவதும் அதுவேதான். மிச்சமிருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகிறது. தொட்டியில் லிட்டர் கணக்கில் இருக்கும் பெட்ரோலுக்கு இது மாதக்கணக்கில் நடந்தால், கார்புரேட்டரின் கிண்ணத்தில் சில மடக்கு அளவே தேங்கியிருக்கும் பெட்ரோலுக்குச் சில வாரங்களிலேயே நடந்துவிடும், அதிலும் நம் ஊர் வெயிலில், தகரக் கொட்டகைக்குள்.

கார்புரேட்டர் என்ன செய்கிறது என்பதைப் பழைய வீடுகளில் மூட்டைப்பூச்சி மருந்து அடித்த கைப்பம்பைப் பார்த்தவர்களுக்கு எளிதாக விளக்கிவிடலாம். கைப்பிடியைத் தள்ளும்போது டப்பாவுக்குள் மருந்தை யாரும் அழுத்துவதில்லை. குழாயின் வாய்க்கு மேலே காற்று வேகமாகப் பாய்வதால் அங்கே அழுத்தம் குறைந்து, மருந்து தானாக மேலேறித் தூவலாகச் சிதறுகிறது. கார்புரேட்டரிலும் அதே வேலைதான். நடுவில் இடுப்பு ஒடுங்கிய குழாய் ஒன்றின் வழியாக எஞ்சின் காற்றை இழுக்கிறது. ஒடுங்கிய இடத்தில் காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஜெட் என்னும் துளையின் வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறாமல் இறங்காமல் இருக்க, தண்ணீர்த் தொட்டியில் இருப்பதுபோலவே ஒரு மிதவையும் அது தள்ளி மூடும் ஊசியும் உண்டு. புடாபெஸ்டில் பாங்கி, சோங்கா என்ற பொறியாளர்களும், ஜெர்மனியில் மேபாக் என்ற பொறியாளரும் 1893-ஐ ஒட்டி வகுத்த அமைப்பு இது. என் கொட்டகையில் இருக்கும் ஜெனரேட்டரிலும் அடிப்படை மாறவில்லை.

இதில் எல்லாம் துளையின் அளவைப் பொறுத்தது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த விகிதத்தைக் காப்பது கணினியும் உணரியும் அல்ல, பித்தளையில் துளைத்த ஓர் ஓட்டை மட்டுமே. வேகமாக ஓடும்போது உதவுகிற பெரிய ஜெட் முக்கால் மில்லிமீட்டர் அளவில் இருந்தால், சும்மா ஓடும்போது உதவுகிற பைலட் ஜெட் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. முடியின் தடிமனுக்குப் பிசின் படிந்தாலே அதன் வழி பாதியாகிவிடும்.

மெக்கானிக் அன்று கார்புரேட்டரை என் கண்ணெதிரே பிரித்தார். தொட்டியிலிருந்து பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் 'காக்'கை மூடினார், கிண்ணத்தின் அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றினார், கிண்ணம் எளிதில் வரவில்லை, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டியபோது பிய்ந்துகொண்டு வந்தது. அடியில் முருங்கைப் பிசின் நிறத்தில் ஒரு படலம், அதன்மேல் பச்சை பூத்த தூள். பெரிய ஜெட்டைக் கழற்றி வானத்தை நோக்கிப் பிடித்து என்னிடம் காட்டினார். ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தது. பைலட் ஜெட்டைப் பிடித்தார், இருட்டு. பக்கத்தில் கிடந்த மின்கம்பித் துண்டை உரித்து, அதிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி, அதைத் துளைக்குள் மெல்ல விட்டுத் திருப்பினார். ஊசியையோ எஃகுக் கம்பியையோ ஏன் விடவில்லை என்று கேட்டேன். செம்பு பித்தளையைவிட மெத்தென்று இருப்பதால் துளையைக் கீறிப் பெரிதாக்காது, ஊசி கீறிவிடும், கீறிய ஜெட்டைக் குப்பையில்தான் போட வேண்டும் என்றார். கிளீனரை அடிப்பதும் இழையை விடுவதுமாக மூன்று முறை செய்த பிறகு வெளிச்சம் வந்தது.

புதுப் பெட்ரோல் ஊற்றி இழுத்ததும் எஞ்சின் எழுந்துவிட்டது. ஆனால் ஒரே சீராக ஓடவில்லை. வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. மாட்டியிருந்த குண்டு பல்பும் அதோடு சேர்ந்து பிரகாசிப்பதும் மங்குவதுமாக இருந்தது. இது சிறிய ஜெனரேட்டர்களில் மிகப் பரவலான புகார். பலரும் எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் ஸ்பிரிங்கை வளைத்துவிடுகிறார்கள். நடப்பது வேறு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் நிற்க வேண்டும். பைலட் ஜெட் பாதி அடைந்திருந்தால் சுமையில்லாதபோது கலவையில் பெட்ரோல் போதாமல் வேகம் விழுகிறது, விழுந்ததைக் கண்ட கவர்னர், கலவை உள்ளே போகும் வழியின் கதவான திராட்டிலைத் திறக்கிறது, திறந்ததும் பெரிய ஜெட் பெட்ரோல் கொடுக்க, வேகம் எகிறுகிறது, எகிறியதைக் கண்டு கவர்னர் மூடுகிறது, மறுபடியும் பட்டினி. கவர்னர் தன் கடமையைச் சரியாகச் செய்வதால்தான் இந்த ஊசலாட்டமே வருகிறது.

இதைப் பிரித்தறிய அவர் சொல்லிக்கொடுத்த சோதனையை நான் இன்றும் முதலில் செய்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே சோக்கைப் பாதி மூட வேண்டும். ஊசலாட்டம் நின்று சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்: ஒன்று ஜெட் அடைப்பு, இல்லையென்றால் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு. சோக்கைத் தொட்டதுமே கரும்புகை கக்கி அடங்கினால் பெட்ரோல் ஏற்கெனவே மிகுதி: காற்று வடிகட்டி அடைந்திருக்கும், அல்லது மிதவை ஊசி சரியாக மூடாமல் இருக்கும். எங்களுடையது பாதிச் சோக்கில் சீரானது. அவர் மறுபடியும் பிரித்து, பைலட் ஜெட்டை இரவு முழுவதும் கிளீனரில் ஊறவைத்து மறுநாள் மாட்டிக் கொடுத்தார்.

இடையில் நான் ஒரு அவசரக் காரியம் செய்திருந்தேன். முதல் நாள் கடைத்தெருவில், அதே அச்சில் வார்த்த புதிய கார்புரேட்டர் ஒன்று பழையதைச் சர்வீஸ் செய்யும் கூலியைவிடச் சற்றுத்தான் அதிகம் என்று சொல்லி விற்றதை வாங்கி வைத்திருந்தேன். ஆசைக்கு அதையும் ஒருமுறை மாட்டிப் பார்த்தோம். அதுவும் மூச்சு வாங்கியது, வேறு தாளத்தில். கிண்ணத்தைக் கழற்றாமல் கார்புரேட்டரை மாற்றுகிறவர்கள் நோயை விட்டுவிட்டு நோயாளியை மாற்றுகிறார்கள் என்பது என் கருத்து. ஆனால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தவன்தான்.

கயிற்றை எவ்வளவு இழுத்தும் எழாத எஞ்சினுக்கு என் வரிசை இப்போது இதுதான். பெட்ரோலை முகர்ந்து பார்ப்பேன். சந்தேகமிருந்தால் வாதமே இல்லாமல் வடித்துக் கொட்டிவிடுவேன். பத்து இழுப்பு இழுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுவேன். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்துசேரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை, அல்லது மிதமிஞ்சி வருகிறது. காய்ந்திருக்கும் நிலையில் பிளக் துளைக்குள் நாலைந்து சொட்டு மட்டும் பெட்ரோல் விட்டு, பிளக்கைப் பூட்டி, வெளியே சிந்தியதைத் துடைத்துக் காயவிட்டு இழுப்பேன். இரண்டு விநாடி ஓடி அணைந்தால் பொறியும், சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் கம்ப்ரஷனும் நன்றாக இருக்கின்றன என்று நிச்சயம். குற்றம் தொட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையில்தான் இருக்கிறது. அதன் பிறகே ஸ்பேனரை எடுப்பேன். எப்போதும் திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு; சமையலறைப் பின்வாசலில் இதைச் செய்த ஒருவரின் புருவம் கருகிப்போனதை நேரில் பார்த்தவன் நான்.

எதிர்த் திசைக் கோளாறும் உண்டு. மிதவை ஊசியின் முனையில் ஒரு துரும்பு சிக்கினால் கிண்ணம் நிரம்பிய பிறகும் பெட்ரோல் நிற்காது. காற்று வடிகட்டிப் பக்கம் ஒழுகும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் கிண்ணத்தைத் தட்டினால் சில நேரம் அந்தத் துரும்பு விலகிவிடும். மிதவையே ஓட்டையாகி மூழ்கியும் போகலாம். கழற்றி, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பதுபோல் ஆட்டினால் உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்கும். ஒழுகல் வெளியே வந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆபத்தானது உள்ளே போவது. காக்கைத் திறந்தே வைத்துவிட்டால், பெட்ரோல் இரவெல்லாம் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்து எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும். முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். அப்படி நீர்த்துப்போன ஆயிலோடு ஒரு மணி நேரம் ஓட்டினால் செலவு கார்புரேட்டரோடு நிற்காது. ஆயிலை மாற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

என்னை மிகவும் அலைக்கழித்த கோளாறுக்கும் கார்புரேட்டருக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் இரண்டங்குலப் பெட்ரோல் பம்பு, கடிகாரம் வைத்ததுபோல் பன்னிரண்டு நிமிடம் ஓடி, பிறகு தூக்கம் வந்தவன் தலை சாய்வதுபோல் அடங்கும். கால் மணி நேரம் விட்டு இழுத்தால் எழும். மறுபடியும் பன்னிரண்டு நிமிடம். டியூபை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், இரண்டு முறை கடையில் கூலி கொடுத்துக் கார்புரேட்டர் சர்வீஸ் செய்தேன். சூடாகிப் பொறி போகிறது என்று ஒருவர் காயிலையும் மாற்றச் சொன்னார். ஒரு நாள் அது அடங்கிய கணத்தில், பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திருகியபோது, "உஸ்" என்று தொட்டி காற்றை உள்ளே இழுத்தது. அப்போதுதான் உறைத்தது. வரப்பில் தூக்கிக்கொண்டு போகும்போது பெட்ரோல் சிந்துகிறது என்று, மூடிக்கு அடியில் பாலித்தீன் உறையை மடித்து வைத்து இறுக்கியவன் நானே. மூடியின் நடுவில் இருக்கும் மயிரிழைத் துளை காற்று உள்ளே வருவதற்கானது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று வராவிட்டால் தொட்டிக்குள் அழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்குவதே நின்றுவிடும். உறையை உருவி எறிந்தேன். செலவு செய்த பணத்தை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஓடி ஓடி நிற்கும் எஞ்சின் எதுவானாலும், நின்ற உடனே மூடியைத் திறந்து இழுத்துப் பார்ப்பது இப்போது எனக்கு அனிச்சையாகிவிட்டது.

பிரஷ் கட்டரின் கார்புரேட்டர் வேறு சாதி. தலைகீழாகச் சாய்த்தும் வெட்ட வேண்டியிருப்பதால் அதில் கிண்ணமும் மிதவையும் கிடையாது; எஞ்சினின் துடிப்பையே கொண்டு அசையும் டயபிரம் என்னும் ஒரு மெல்லிய சவ்வு பெட்ரோலை இழுக்கிறது, இன்னொரு டயபிரம் அளந்து விடுகிறது. டயபிரம் புதிதாக இருக்கும்போது வாழையிலைக் குருத்துபோல் துவளும். பழையதானால் அப்பளம்போல் விறைத்துவிடும். அப்போது எஞ்சின் மெதுவாக ஓடும், ஆக்சிலேட்டரை அழுத்தினால் திணறி அடங்கும். இதற்கு ஜெட்டைக் குத்துவதில் பயனில்லை, டயபிரம் செட்டை மாற்றுவதுதான் வழி. மேலிருக்கும் திருகுகளைத் தொடுவதற்கு முன், எத்தனை சுற்றில் உள்ளே முட்டுகிறது என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த எஞ்சினுக்கு ஆயிலும் பெட்ரோலோடுதான் போகிறது என்பதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. பெட்ரோல் போதாமல் கிறீச்சென்று வேகமாகச் சுற்றும் பிரஷ் கட்டர் பிஸ்டனைக் கடித்துக்கொள்ளும். கலவை அளவைக் கையேட்டில் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்: 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணளவில் ஊற்றுகிறவர்களிடம் நான் என் இயந்திரத்தைக் கொடுப்பதில்லை.

பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனாலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு இன்று முடியாது. 2022 ஜூனில் நாட்டின் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது; 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ20 சில பெட்ரோல் பங்குகளில் விற்பனைக்கு வந்து, 2025-இல் பெரும்பாலும் எங்கும் அதுவே என்றாகிவிட்டது. 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதிகள் வந்ததோடு புதிய இருசக்கர வாகனங்கள் பெரும்பாலும் எரிபொருள் உட்செலுத்தலுக்கு மாறிவிட்டன. கார்புரேட்டர் மிச்சமிருப்பது பழைய வண்டிகளிலும், வயலிலும், கொட்டகையிலும்தான். எத்தனால் எரிய எடைக்கணக்கில் 9 பங்கு காற்றே போதும். ஆகவே இ20-க்கு வேண்டிய காற்று ஏறத்தாழ பதின்மூன்றரைப் பங்காக இறங்குகிறது. உணரி உள்ள வண்டி இதைக் கண்டுகொண்டு கூடுதலாகப் பெட்ரோல் விடும். பித்தளை ஓட்டைக்கு அது தெரியாது. அது பழைய அளவையே கொடுக்கும், கலவை சற்றுப் பட்டினியாகும். ஏற்கெனவே பாதி அடைந்த பைலட் ஜெட் உள்ள எஞ்சினை மூச்சு வாங்க வைக்க அந்தச் சற்றே போதும். 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று சிறிய எஞ்சின்களின் கையேடுகள் பலவற்றில் அச்சிட்டிருக்கிறது. பங்குகளில் அதைக் கேட்டு வாங்க முடியாத நிலையில் அந்த வரியை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வான் என்று யாரும் சொல்வதில்லை.

எத்தனாலுக்குத் தண்ணீரோடு இருக்கும் பாசத்தைப் பார்க்க விரும்பி, போன ஆண்டு ஒரு சோதனை செய்தேன். கோடு போட்ட கண்ணாடிப் புட்டியில் 10 மில்லி தண்ணீரும், அதன்மேல் 90 மில்லி பங்குப் பெட்ரோலும் விட்டு, மூடிக் குலுக்கி, திண்ணையில் நிழலில் வைத்தேன். சிறிது நேரத்தில் தெளிந்தபோது அடியில் நின்ற நீர்ப்பகுதி 25 மில்லிக் கோட்டைத் தாண்டியிருந்தது. பெட்ரோலில் இருந்த எத்தனாலில் பெரும்பகுதி அதை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஐப்பசி கார்த்திகை மழையில் தொட்டி மூடியின் வழியாகத் தண்ணீர் இறங்கினால் இதுதான் தொட்டிக்குள் நடக்கிறது. பெட்ரோல் குழாய் தொடங்குவது தொட்டியின் அடியில் என்பதால், எஞ்சினுக்கு முதலில் போவதும் அந்த அடிநீரே. ஆனாலும் எல்லாப் பழியையும் எத்தனாலின் தலையில் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் ஜெனரேட்டர் பிசின் பிடித்த 2018-க்கும் 2020-க்கும் இடையில் இ20 எங்கே இருந்தது? அதன் வரவால் தவணை சுருங்கியிருக்கிறது. முன்பு மூன்று மாதம் கிடந்தால் வந்த தொல்லை இப்போது ஒரு மாதத்திலேயே வருவதாக என் கொட்டகை அனுபவம் சொல்கிறது.

ஆகவே நான் இப்போது பெட்ரோலைத் தகர டின்னில் ஒரு லிட்டருக்கு மேல் வைத்திருப்பதில்லை. வேலை முடிந்ததும் சுவிட்சால் அணைப்பதில்லை. காக்கை மூடி, கிண்ணத்தில் இருப்பதைக் குடித்துத் தானாக அடங்கும் வரை விடுகிறேன். அதற்குப் பிறகும் அடியில் கொஞ்சம் தங்கும் என்பதால், நீண்ட நாள் நிறுத்துவதானால் கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தி அதையும் வடித்துவிடுகிறேன். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை, தமிழ் மாதப் பிறப்பன்று, தண்ணீர் மோட்டாரை மாட்டிக் கால் மணி நேரம் ஓட்டுகிறேன். சுமையில்லாமல் ஓட்டினால் பெரிய ஜெட்டுக்கு வேலையே வராது. மாதப் பிறப்பு என்று வைத்துக்கொண்டதில் வேறு சூட்சுமம் எதுவும் இல்லை, அன்றைக்கு அம்மா ஞாபகப்படுத்திவிடுவார்.

அன்று ஆசைப்பட்டு வாங்கிய அந்தப் புதிய கார்புரேட்டர் அலமாரியிலேயே கிடந்தது. போன வைகாசியில் பக்கத்து வீட்டுக்காரரின் பம்பு ஒழுகியபோது, அதிலிருந்து மிதவை ஊசியை மட்டும் கழற்றி மாட்டிக் கொடுத்தேன். ஒழுகல் நின்றுவிட்டது. போன வாரம் அவரே வேலி ஓரமாக வந்து நின்று, "தம்பி, விசைத்தெளிப்பான் எடுக்க மாட்டேங்குது, அந்தக் கார்புரேட்டர்ல இன்னும் ஏதாச்சும் இருக்கா?" என்றார். அதற்கு இது பொருந்தாது என்று சொல்லிவிட்டு, தொட்டி மூடியைத் திறந்து எடுத்துவரச் சொன்னேன்.